உப்புவெளி வைன் மாலை: போத்தலுக்கு மூன்று நட்சத்திரம், அக்காவுக்கு ஐந்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வைன் தெரியாது. பதினான்கு வருடமாகத் திருகோணமலையில் கைட் வேலை பார்க்கிறேன். கோணேசர் கோயில், பிரெட்ரிக் கோட்டை, கன்னியா வெந்நீர்க் கிணறு, புறாத்தீவு என்று வெளிநாட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு திரிவதுதான் தொழில். மாலையில் அவர்கள் வைன் கிளாசோடு கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது நான் ஓட்டோவுக்குப் பக்கத்தில் பிளேன்டீயோடு நிற்பேன். வைன் என்றால் எங்கள் வீட்டில் தெரிந்தது இரண்டே இரண்டு: நத்தாருக்குக் கேக்கோடு பக்கத்து வீட்டு ரீச்சர் தருகிற சின்னக் கிளாஸ், யாழ்ப்பாணம் போய் வருகிற ஆட்கள் கொண்டுவருகிற தோலகட்டித் துறவிமடத்து வைன் போத்தல். இரண்டும் இனிக்கும். அதனால் இதை வைன் தெரிந்தவன் எழுதிய விமர்சனமாக வாசிக்க வேண்டாம், ஒரு கைட் இன்னொரு கைட்டின் வேலையைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவது, அவ்வளவுதான்.

வைனை மணந்து ருசி பார்க்கப் பழக்குகிற மாலை நிகழ்ச்சி இது, இடம் உப்புவெளிக் கடற்கரையில் ஒரு நடுத்தர ஹோட்டல். பெயர் எழுதவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப்போகிறேன், அவர்கள் எனக்கு ஆட்கள் அனுப்புகிறவர்கள். நடத்துகிறவர் சுவிஸ் அக்கா, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தப் பக்கத்து ஓட்டோக்காரர் யாரும் கொண்டுபோய் விடுவார்கள். சீசன் மாதங்களில் மட்டும், புதனும் சனியும், பின்னேரம் ஐந்தரைக்கு. தலைக்கு 8,500 ரூபாய், இரண்டு மணித்தியாலம், நான்கு வைன், கொறிக்கக் கொஞ்சம். போயா தினத்தில் நடக்காது, அன்றைக்கு நாடு முழுக்க மது விற்பனை மூடல்தானே.

அக்கா எங்கள் ஊர்தான். சின்ன வயதில் சுவிஸ் போய், அங்கே லவோ என்ற திராட்சை மலைச்சரிவில் ஒன்பது சீசன் வைன் சுற்றுலாக் கைட்டாக வேலை செய்தவர். ஜெனீவா ஏரியின் வடகரையில், லோசான் நகரத்தின் விளிம்பிலிருந்து கிழக்கே ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் நீளத்துக்குப் படிப்படியாகக் கல் மதில் கட்டி ஏற்றிய தோட்டங்கள். இன்றைக்கு இருக்கிற படிகளின் தொடக்கம் பதினோராம் நூற்றாண்டுத் துறவிகள் காலத்தது. 2007இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை என்று சேர்த்தது. சரிவு அவ்வளவு செங்குத்து, அறுவடை நேரம் பழக்கூடையை மேலே இழுக்க ஒற்றைத் தண்டவாளத்தில் சின்ன வண்டி ஓடும் என்றார். அங்கே மூன்று சூரியன் என்று சொல்வார்களாம்: வானத்தில் ஒன்று, ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்புவது ஒன்று, பகல் முழுக்க வெயில் குடித்த கல் மதில் இரவில் விடுகிற சூடு ஒன்று. கூட வந்த என் மச்சான் உடனே, "அக்கா, இஞ்சை ஆனி மாதம் கச்சான் காத்து அடிக்கேக்க முப்பது சூரியன், அப்ப ஏன் எங்களுக்கு வைன் இல்லை?" என்று கேட்டான்.

நான் எதிர்பார்த்தது ஒரு சிரிப்பும் அடுத்த வசனமும். அக்கா சொல்லிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். திராட்சைக் கொடிக்கு வருடத்தில் சில மாதம் நித்திரை வேண்டும், குளிரில் இலை கொட்டிப் படுத்துக் கிடந்து எழும்புகிற கொடிதான் நிதானமாகப் பழுக்கும், எங்கள் நாட்டில் அது படுக்கிறதே இல்லை, கத்தரித்து விட்டால் மறுபடி தளிர்க்கும், யாழ்ப்பாணத்தில் முந்திரிகை, அதுதான் திராட்சை, தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டுப்பார் தம்பி, கத்தரிக்கோல்தான் அங்கே மாரிகாலம் என்றார். கத்தரிக்கோல்தான் மாரிகாலம். இப்படி ஒரு வசனம் எனக்குக் கன்னியாவைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒருநாளும் வாயில் வரவில்லை, அன்றிரவு அதை நினைத்துக் கொஞ்சம் வயிறெரிந்தேன்.

இதற்கு முன் ஒருமுறை, வேறொரு ஊரில் ஒரு பெரிய ஹோட்டலில், என்னோடு வந்த ஜெர்மன்காரர் தயவில் இந்த மாதிரி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் போத்தலைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்து, செர்ரி, பிளாக்பெரி, சீடார் மரம், ஈரமான காட்டுத் தரை என்று மந்திரம் ஓதினார். நான் செர்ரியை ரின்னில் பார்த்திருக்கிறேன், சீடார் மரத்தைப் பார்த்ததே இல்லை. எல்லாரும் தலையாட்ட நானும் ஆட்டினேன். ஒன்றும் மணக்கவில்லை என்று சொல்ல வெட்கம். வைன் எங்களுக்கான சாமான் இல்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினவன்தான்.

அக்காவின் முறை வேறு. முதல் வைனை ஊற்றி (ஊற்றியது ஹோட்டல் பெடியன், அதற்குப் பிறகு வருகிறேன்) ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. மணந்து பாருங்கள், குடிக்காதீர்கள், உங்கள் வீட்டில், சந்தையில், கோயிலில் இந்த மணம் எங்கேயாவது வந்ததா என்று மட்டும் கேட்டார். அது அவர் பெட்டியில் கொண்டுவந்த லவோ வெள்ளை வைன், சஸ்லா என்ற திராட்சை, சுவிஸ் வைனில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் வெளிநாடு போகிறதாம், மிச்சத்தை அவர்களே குடித்து முடித்துவிடுகிறார்கள். எங்கள் மேசையில் பதில்கள் இப்படி வந்தன: இளநீர் வழுக்கை, மழை விழுந்த சீமெந்துத் தரை, ஒன்றுமில்லை. "ஒன்றுமில்லை" என்றவன் மச்சான். அக்கா மூன்றுக்கும் தலையசைத்துவிட்டு, சஸ்லா வாசம் குறைந்த திராட்சை, ஒன்றுமில்லை என்பதும் சரியான பதில்தான், அதனால்தான் அந்த மண்ணின் ருசி அதில் மூடப்படாமல் தெரிகிறது என்று அந்த ஊர்க்காரர் பெருமைப்படுவார்கள் என்றார். மச்சானுக்குப் பரீட்சையில் முதலாவது வந்த முகம்.

இரண்டாவது நியூசிலாந்து சோவினியோன் பிளாங். கிளாசை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகவே வேண்டியதில்லை, மேசைக்கு வந்ததுமே ஒரு பெண் பிள்ளை, "கொடித்தோடை!" என்று கத்திவிட்டாள். உண்மைதான், அச்சு அசல் கொடித்தோடம்பழத்தைப் பிளந்து வைத்த வாசம், அடியில் புல்லு வெட்டின பச்சை வாசம். இதைத்தான் அங்கே பாஷன் ஃப்ரூட் என்று எழுதுவார்கள், நீங்கள் கொடித்தோடை என்றே சொல்லுங்கள் என்றார் அக்கா.

அப்புறம் சிவப்புக்கு வந்ததும் எனக்கு இந்த மாலையின் பெறுமதி முழுதும் விளங்கியது. அதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்தார். சந்தையில் வாங்கின கறுப்பு முந்திரிகைப்பழம் ஆளுக்கு இரண்டு தந்து, தோலை உரித்துச் சதையை மட்டும் வெள்ளைச் சோசரில் நசுக்கச் சொன்னார். சாறு தண்ணீர் நிறம். தோலை நசுக்கினால் விரல் ஊதா. சிவப்பு வைனின் நிறம் முழுக்கத் தோலில் இருந்து வருகிறது, சாற்றோடு தோலையும் போட்டு நொதிக்க விடுவதால்தான் சிவப்பு, சில மணித்தியாலம் மட்டும் தோலோடு வைத்து எடுத்தால் ரோசா நிறம். பிறகு அந்தத் தோலையும் விதையையும் மெல்லச் சொன்னார். வாய் ஒரு மாதிரி இழுத்துப் பிடித்தது. "இதுக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். நாலைந்து பேர் ஒரே வாயாக, துவர்ப்பு.

அக்கா சிரித்தார். லவோவில் இந்த இடத்தில் எனக்கு அரை மணித்தியாலம் போகும் என்றார். டானின் என்ற சொல்லைச் சொல்லி, அது கசப்பு இல்லை, புளிப்பு இல்லை, நாக்கு காய்கிற உணர்ச்சி, எச்சிலில் இருக்கிற புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்வதால் வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது என்றெல்லாம் விளக்கி, கடும் தேத்தண்ணீரை உதாரணம் காட்டி, அப்போதும் பாதிப் பேர் கசப்பு என்றே சொல்லிக்கொண்டு இறங்கிப் போவார்களாம். உங்களுக்கு வாழைக்காய்க் கறை தெரியும், பாக்குத் தெரியும், விளாங்காய் தெரியும், அறுசுவையில் ஒன்றாகவே எண்ணி வைத்திருக்கிறீர்கள், வைனில் பாதியை நீங்கள் வரும்போதே படித்துவிட்டு வந்தீர்கள் என்றார். வாங்குகிற ஆளைக் குளிரவைக்கிற பேச்சு இது என்று எனக்குத் தெரியும், நானும் கோயில் படியில் நின்று இப்படித்தான் குளிரவைப்பேன். ஆனால் பிளேன்டீயோடு பதினான்கு வருடம் வெளியே நின்றவனுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது.

சரி, குறைகள். நிறைய இருக்கின்றன.

மேலே மின்விசிறி. அக்கா மணந்து பாருங்கள் என்கிறார், விசிறி மணத்தை அள்ளிக்கொண்டு கடலுக்குப் போகிறது. நிறுத்தச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் எல்லார் சட்டையும் நனைந்து, வைனுக்குப் பதிலாக நாங்கள் மணக்கத் தொடங்கினோம். மறுபடி போட்டார்கள். இரண்டு மணித்தியாலமும் இந்தக் கூத்துத்தான். கிளாஸ் தடித்த கிளாஸ், அதில் பாத்திரம் கழுவுகிற எலுமிச்சைச் சோப்பு வாசம். என்னுடையதை நானே எழும்பிப் போய்த் தண்ணீரில் அலசிக்கொண்டு வந்தேன். பக்கத்து விடுதியின் ஒலிபெருக்கி ஆறரைக்குத் தொடங்கியது, அதற்கு ஹோட்டல் என்ன செய்யும் என்று விட்டுவிடலாம்.

சிவப்பு வைன் இருந்த சூடு மன்னிக்கக்கூடியது இல்லை. ஸ்ரோர் அறையில் இருந்து நேராக மேசைக்கு. சிவப்பு வைனை அறையின் சூட்டில் குடிக்கலாம் என்று ஒரு பேச்சு உண்டல்லவா, அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல் வீட்டு அறை, பதினாறு பதினெட்டுப் பாகை. உப்புவெளியில் அன்றைக்கு முப்பத்தொன்று. அந்தச் சூட்டில் மதுசாரம்தான் முன்னால் வந்து மூக்கில் குத்தும், பழம் பின்னால் ஒளிந்துகொள்ளும். அக்காவே போத்தலைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்து, ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பதினைந்து நிமிடம் வைக்கச் சொன்னார். ஐஸ் மட்டும் போட்டால் கெதியில் ஆறாது, தண்ணீரும் சேர்ந்தால்தான் போத்தலை முழுக்கச் சுற்றிப் பிடிக்கும் என்று அதையும் ஒரு பாடமாக்கினார். இரண்டு சூட்டிலும் ஒவ்வொரு வாய் தந்து ஒப்பிடவும் வைத்தார். அது திறமான வேலை. ஆனால் காசு வாங்குகிற ஹோட்டல் பின்னேரம் மூன்று மணிக்கே செய்திருக்க வேண்டிய வேலை அது.

மூன்றாவது போத்தல் பிரெஞ்சுச் சிவப்பு. தக்கையைத் திறந்து மணந்தவுடன் அக்கா பெடியனின் கையைப் பிடித்து நிறுத்தினார். வேறு கைட் என்றால் போத்தலைச் சத்தமில்லாமல் உள்ளே அனுப்பியிருப்பார். இவர் எல்லாருக்கும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி, மணந்து பாருங்கள், இது பழுதான வைன், இப்படி ஒரு சந்தர்ப்பம் கேட்டாலும் கிடைக்காது என்றார். மாரியில் நனைந்து ஒரு கிழமை மூலையில் கிடந்த மட்டைப்பெட்டி வாசம். தக்கையில் உண்டாகிற ஒரு இரசாயனப் பொருள், துளியிலும் துளி போதும், பழ வாசம் முழுவதையும் அமுக்கிவிடும், குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் கடையில் இப்படி வந்தால் வெட்கப்படாமல் திருப்பிக் கொடுங்கள் என்றார். எனக்கு அந்த மாலையில் மறக்காத மணம் அதுதான்.

பிறகு நடந்ததுதான் கோபம். மாற்றுப் போத்தல் கேட்டார், பார் மனேஜர் இல்லை என்றுவிட்டார். திறந்தது திறந்ததுதானாம். பன்னிரண்டு பேர், தலைக்கு 8,500, கணக்கை நீங்களே போடுங்கள், ஒரு போத்தலில் ஐம்பது மில்லிலீற்றராகப் பதினைந்து பேருக்கு ஊற்றலாம். நான்கு வைன் என்று சொல்லி மூன்று வைன் தந்துவிட்டு ஒரு மன்னிப்பும் இல்லை. அக்கா முகம் சிவந்து, கடைசி வைனை எல்லாருக்கும் இரண்டு முறை ஊற்ற வைத்தார், அதன் காசு அவர் பங்கில் கழிந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தக் கடைசி வைன் அவுஸ்திரேலிய ஷிராஸ், தக்கை இல்லாத திருகு மூடி. மச்சான் மூக்கை வைத்ததும், "மிளகு, அக்கா, அம்மியில் தட்டின மிளகு" என்றான். எனக்கு ஒரு மிளகும் இல்லை. இன்னொரு தரம், இல்லை. அவன் நடிக்கிறான் என்று நினைத்தேன். அக்கா சொன்னது: மிளகில் இருக்கிற அதே வாசப்பொருள், ரோட்டண்டோன் என்று பெயர், ஷிராஸ் திராட்சையின் தோலில் இருக்கிறது, அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 2008இல் கண்டுபிடித்தார்கள், சோதித்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் பிடிபடவே இல்லை. நான் அந்த ஐந்தாவது ஆள். சாராயம் தவிர வேறு தொடாத மச்சானுக்கு மணக்கிறது, எனக்கு மணக்கவில்லை, இதை அவன் இந்த ஜென்மத்தில் விடப்போவதில்லை.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. கணவாய்ப் பொரியல் நன்றாக இருந்தது, வெள்ளை வைனோடு திறம். அறக்குளா மீனைச் சிவப்போடு சாப்பிட்டபோது வாயில் ஆணியைச் சப்பினது போல ஒரு ருசி, அது வைனில் இருக்கிற இரும்பு மீனோடு சேர்ந்து செய்கிற வேலையாம். கட்டைச் சம்பலை ஹோட்டல்காரர் வைத்திருக்கவே கூடாது, உறைப்பையும் மதுசாரத்தையும் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று ஊதிவிடும், எனக்கு அதற்குப் பிறகு பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை.

ஊற்றுகிற விஷயம். அக்கா தன் கையால் ஊற்றுவதும் இல்லை, காசைத் தொடுவதும் இல்லை. ஊற்றுவது பெடியன், பில் போடுவது ஹோட்டல், அக்கா கதைப்பது மட்டும். பெண்களுக்கு மதுக்கடையில் விற்கக் கூடாது, அனுமதி இல்லாமல் பெண்கள் அங்கே வேலை செய்யவும் கூடாது என்று 1979இல் ஒரு விதி வந்தது, 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்க, சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திரும்பப் போடச் சொன்னார், நாடே சிரித்தது. அதற்குப் பிறகு எதற்கு வம்பு என்று அவர் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. ஒன்பது சீசன் வைன் ஊற்றியே பிழைத்த கை, இங்கே மடியில் கட்டிக்கொண்டு இருக்கிறது. அதைப் பற்றி அவர் ஒன்றும் முறைப்பாடு சொல்லவில்லை, நாங்கள் கேட்டபோது, "பேச்சுக்கு லைசென்ஸ் தேவையில்லை தம்பி" என்றார்.

துப்புவதற்கு அவர் வைத்திருந்தது அம்மம்மாவின் பித்தளைப் படிக்கம். வைன் பழகுகிறவர்கள் ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள், இல்லாவிட்டால் நாலாவதில் நாக்கும் போய் நிதானமும் போய்விடும். வெற்றிலை போட்ட பரம்பரைக்குத் துப்ப என்ன வெட்கம் என்று நடுவில் வைத்தார், ஆனாலும் யாரும் துப்பவில்லை, 8,500 ரூபாயைத் துப்ப எங்கள் ஆட்களுக்கு மனம் வராது.

எனக்கு ஒரு குறை அக்காவிடமும் உண்டு. பனங்கள்ளு பற்றிக் கதைத்தார், முட்டியில் விழுந்த பனஞ்சாறு தானாகவே நொதிப்பதும் திராட்சைச் சாறு நொதிப்பதும் ஒரே வேலைதான், சீனியைத் தின்று ஈஸ்ட் மதுசாரம் ஆக்குகிறது, முட்டியில் சுண்ணாம்பு பூசினால் அந்த வேலை நின்று இனிப்பான கருப்பணி ஆகிறது என்று அழகாகச் சொன்னார். மச்சான் தன் தாத்தா தவறணையில், கள்ளுக்கடையில், பனையோலைப் பிளாவில் குடித்த கதையை எடுத்துவிட்டான். எல்லாம் சரி, ஐந்தாவதாக ஒரு பிளா நிறையக் கள்ளு மேசைக்கு வந்திருந்தால்? ஹோட்டலின் அனுமதிப்பத்திரத்தில் கள்ளுக்கு இடமில்லையாம். அப்படியென்றால் கருப்பணியாவது வைக்கலாமே, அது மதுவே இல்லை. சொல்லியிருக்கிறேன், அடுத்த சீசனில் பார்ப்போம்.

போகிறவர்களுக்கு: வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள். வாசனைத் தைலம், சென்ட் பூச வேண்டாம், உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவருக்கும் பாழ். மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு ஓட்டோவில் போங்கள். கடல் பக்கத்து மேசையைக் கேட்காதீர்கள், காற்று அதிகம், சுவரோரம்தான் மணம் நிற்கும். தமிழில் வேண்டும் என்று முதல்நாளே சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெளிநாட்டுக்காரரோடு சேர்த்து இருத்திவிடுவார்கள், அதில் துவர்ப்பு வராது. போத்தல் திறக்க முன் நான்கையும் மேசையில் காட்டச் சொல்லி, ஒன்று பழுதானால் என்ன செய்வீர்கள் என்று ஹோட்டலிடம் காசு கட்டும்போதே கேளுங்கள்.

மறுநாள் காலை எனக்குக் கன்னியாவில் நான்கு இத்தாலிக்காரர். வழக்கமாக வாசலிலேயே தொடங்கிவிடுவேன், ஏழு கிணறு, இராவணன், தாய்க்குச் செய்த கருமம், ஒவ்வொன்றிலும் வேறு வேறு சூடு. அன்றைக்கு வாளியைக் கையில் கொடுத்து, ஏழிலும் அள்ளி ஊற்றிப் பாருங்கள், எது சூடு கூட என்று நீங்கள் சொல்லுங்கள் என்று பேசாமல் நின்றேன். நாலு பேரும் நாலு கிணற்றைக் காட்டிச் சண்டை பிடித்தார்கள். வழக்கமாக இருபது நிமிடத்தில் முடிகிற இடம், ஒரு மணித்தியாலம் எடுத்தது.

மச்சான்தான் திருந்தவில்லை. இப்போது எதைக் கொடுத்தாலும் கிளாசைச் சுழற்றி மூக்கை உள்ளே விடுகிறான். போன கிழமை பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இதைச் செய்ய, முதலாளி வேலையை விட்டுவிட்டு வந்து நின்று, "ஏன் தம்பி, பால் திரைஞ்சு போச்சோ?" என்று கேட்டார்.